பழைய கேமிங் லேப்டாப்: ரேம் போட்டு ஓட்டலாமா, புதுசு வாங்கலாமா? விலை ஏறும் நேரத்தில் எப்படி முடிவெடுப்பது? - முழு விவரம்

‘8 ஜிபி ரேம் இருக்குண்ணா... இன்னொரு 8 ஜிபி போட்டா கேம் ஸ்மூத்தா ஓடுமா?’

சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தக் கேள்வி காதில் விழாமல் இருக்காது. ஒரு வருஷம் முன்பு வரை இதற்குப் பதில் ரொம்ப ஈஸி. ‘போட்டுப் பாருங்க தம்பி, ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்’. ரேம் போட்டும் கேம் திணறினால் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு பிரியாணி ட்ரீட் போச்சு என்று விட்டுவிடலாம்.

இப்போது அப்படி இல்லை. ரேம் விலையும் எஸ்எஸ்டி விலையும் தாறுமாறாக ஏறியிருக்கின்றன. புது லேப்டாப் விலையும் அதோடு சேர்ந்து நகர்கிறது. ‘கொஞ்ச நாள் பொறுத்தா விலை குறையும்’ என்று கம்ப்யூட்டர் விஷயத்தில் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த அறிவுரை, அநேகமாக முதல்முறையாகத் தலைகீழாக நிற்கிறது. இன்னொரு பக்கம் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் டாட்டா காட்டிவிட்டது. பழைய கிராபிக்ஸ் சிப்களுக்கு என்விடியாவும் கதவைச் சாத்திவிட்டது.

இந்த நேரத்தில் கையில் இருக்கும் 5, 6 வருஷப் பழைய கேமிங் லேப்டாப்பை என்ன செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

ரேம் விலைக்கு என்னதான் ஆச்சு?

ஒரே வரியில் சொன்னால், உங்க ரேமை ஏஐ சாப்பிடுகிறது.

உலகத்தில் கம்ப்யூட்டர் மெமரி சிப் தயாரிப்பில் பெரும்பங்கு 3 கம்பெனிகளிடம் இருக்கிறது. தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். சாட்ஜிபிடி மாதிரியான ஏஐ சேவைகளை ஓட்டும் டேட்டா சென்டர்களுக்கு ஹெச்பிஎம் எனப்படும் சிறப்பு வகை மெமரி டன் கணக்கில் தேவைப்படுகிறது. இதில் லாபமும் அதிகம். அதனால் தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன.

சிக்கல் என்னவென்றால், ஒரு ஜிபி ஹெச்பிஎம் தயாரிக்க, அதே ஒரு ஜிபி சாதாரண டிடிஆர்5 ரேமைவிடச் சுமார் 3 மடங்கு சிலிக்கான் வேஃபர் செலவாகிறது என்று மைக்ரான் நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதாவது டேட்டா சென்டருக்கு ஒரு தட்டு சோறு போனால், நம்ம வீட்டுப் பந்தியில் 3 இலை காலி.

2025 டிசம்பர் 3-ம் தேதி மைக்ரான் இன்னொரு குண்டைப் போட்டது. சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விற்றுவந்த தன்னுடைய ‘க்ரூஷியல்’ பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. நம்ம ஊர்க் கடைகளில் லேப்டாப் ரேம் என்றாலே முதலில் எடுத்து வைக்கும் சில பெயர்களில் க்ரூஷியலும் ஒன்று. இதற்கு முன்பே, பழைய டிடிஆர்4 வகை ரேம் உற்பத்தியைக் குறைக்கும் வேலையும் 2025-ல் தொடங்கிவிட்டது. 2016-லிருந்து 2021 வரை வந்த பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் இருப்பது இந்த டிடிஆர்4 தான்.

‘குஜராத்தில்தான் மைக்ரான் ஆலை வருதே, அப்புறம் என்ன?’ என்று கேட்கலாம். சானந்தில் அமைவது சிப்களைப் பொருத்தி, சோதித்து, பேக் செய்யும் ஆலை. வேஃபரில் சிப்பையே உருவாக்கும் ஆலை அல்ல. அப்படிப்பட்ட ஆலை ஒன்றைக் கட்டி உற்பத்திக்குக் கொண்டுவர வருஷக்கணக்கில் ஆகும். ஆக, அடுத்த தீபாவளி ஆஃபரில் எல்லாம் பழைய விலைக்கு வந்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

எந்த லேப்டாப்பைப் பற்றிப் பேசுகிறோம்?

கொரோனா ஊரடங்கு நேரத்தில் ஆன்லைன் கிளாஸைக் காரணம் காட்டி வீட்டில் வாங்க வைத்த லேப்டாப்கள் ஞாபகம் இருக்கா? இன்டெல் ஐ5 9-ம் தலைமுறை அல்லது 10-ம் தலைமுறை, இல்லையென்றால் ஏஎம்டி ரைசன் 5. கூடவே என்விடியா ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி, 8 ஜிபி ரேம். 2019-லிருந்து 2021 வரை இந்தியாவில் ‘பட்ஜெட் கேமிங் லேப்டாப்’ என்றால் கிட்டத்தட்ட இதுதான். உலகம் முழுக்க ஸ்டீம் பயனாளர்கள் மத்தியில் ஜிடிஎக்ஸ் 1650 ஒரு கட்டத்தில் முதலிடத்துக்கே வந்தது.

அந்த லேப்டாப்கள்தான் இப்போது மூச்சு வாங்குகின்றன. அன்று பிளஸ் டூ படித்த தம்பி தங்கைகள் இன்று காலேஜ் முடித்திருப்பார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் அந்த மாடலையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். உங்களுடையது இன்னும் பழசு என்றால், அதற்கான பதிலும் நடுவில் வரும்.

காசு எடுப்பதற்கு முன்னால்: முதலில் நோய் என்னன்னு பாருங்க

நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கேம் ஸ்லோ என்றால் உடனே ரேம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தலைவலி என்று போனவருக்குப் பரிசோதனையே இல்லாமல் கண்ணாடி எழுதிக் கொடுப்பது மாதிரி.

விண்டோஸிலேயே இதற்கு இலவசமாக ஒரு வழி இருக்கிறது. கேம் ஓடும்போது விண்டோஸ் பட்டனையும் ஜி எழுத்தையும் சேர்த்து அழுத்துங்க. கேம் பார் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு, ஜிபியு, ரேம் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, எத்தனை எஃப்பிஎஸ் வருகிறது என்று தெரியும். அதைத் திரையின் ஓரத்தில் பின் செய்துவிட்டு அரை மணி நேரம் விளையாடுங்க. அவ்வளவுதான், நோய் தானாக வெளியே வரும்.

ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது, எஃப்பிஎஸ் குறைவு என்றால் கிராபிக்ஸ் சிப்தான் தடை. சந்தேகம் இருந்தால் கேம் செட்டிங்கில் ரெசல்யூஷனை ஒரு படி குறைத்துப் பாருங்க. எஃப்பிஎஸ் எகிறினால் உறுதி. ரெசல்யூஷனைக் குறைத்தும் எஃப்பிஎஸ் அசையவே இல்லை என்றால் சிபியு தடை. இந்த இரண்டுக்கும் ரேம் மருந்து கிடையாது.

ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, ஓடிக்கொண்டே இருக்கும்போது அவ்வப்போது ஒரு நொடி உறைந்து உறைந்து வருகிறது என்றால், ஆமாம், அது ரேம் பிரச்சனைதான். மேப் லோடாக ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் போல இருக்கிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்தான் வில்லன்.

இன்னொன்று உண்டு. முதல் 10 நிமிஷம் அருமையாக ஓடி, அதற்குப் பிறகு திடீரென்று 60 எஃப்பிஎஸ் 30-க்கு விழுகிறதா? அப்படியென்றால் எந்தப் பார்ட்டும் வாங்க வேண்டாம். அது சூடு.

சூடு... நம்ம ஊர்ப் பிரச்சனை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் லேப்டாப் ரிவியூ வீடியோக்கள் பெரும்பாலும் ஏசி அறையில் எடுக்கப்படுபவை.

லேப்டாப்பில் இருக்கும் ஃபேன், வெளிக்காற்றை உள்ளே இழுத்துத்தான் சிப்பைக் குளிர வைக்கிறது. அறையின் வெப்பநிலைக்குக் கீழே அதனால் குளிர வைக்கவே முடியாது. 25 டிகிரி ஏசி அறையில் 85 டிகிரியில் ஓடும் சிப், மே மாத மத்தியானத்தில் 38 டிகிரி மாடி ரூமில் 95-ஐத் தாண்டிவிடும். பெரும்பாலான லேப்டாப் இன்டெல் சிப்களுக்கு 100 டிகிரிதான் எல்லைக்கோடு. அதை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்க பார்ப்பது ‘லேக்’. உள்ளே நடப்பது தற்காப்பு.

இதோடு 5 வருஷத் தூசு. ஃபேனுக்கும் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு மாதிரி ஒரு படலம் அடைத்திருக்கும். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். இரண்டையும் சுத்தம் செய்து புது பேஸ்ட் போட்டாலே, வாங்கின புதிதில் இருந்த வேகத்தில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். சர்வீஸ் கடையில் இதற்கு ஆகும் செலவு, இன்றைய ரேம் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அப்கிரேட் என்ற வார்த்தையை எடுப்பதற்கு முன்பு எல்லோரும் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. சில உயர் ரக மாடல்களில் கம்பெனியே பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் போட்டிருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும் திரவம். அனுபவம் இல்லாதவர் திறந்து, ஒரு சொட்டு மதர்போர்டில் விழுந்தால் கதை முடிந்தது. கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன் உங்க மாடலில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுப் போங்க.

பேட்டரியையும் திறக்கும்போதே பார்க்கச் சொல்லுங்க. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு இருக்கிறது, அடிப்பக்கம் மேஜையில் சரியாக உட்காராமல் ஆடுகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். அது வேகப் பிரச்சனை இல்லை, தீ விபத்துப் பிரச்சனை. சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு உடனே மாற்றியாக வேண்டும். எந்த கேமும் அதற்கு அப்புறம்தான்.

ரேம் போடலாம்... ஆனால் எப்போது?

நம்ம உதாரண லேப்டாப்பில் 8 ஜிபி ஒற்றை ரேம் இருக்கிறது. இன்றைக்குப் பெரிய கேம்கள் கேட்பது என்ன? சைபர்பங்க் 2077 குறைந்தபட்சமே 12 ஜிபி கேட்கிறது. பிளாக் மித் வூகாங், பேட்டில்ஃபீல்டு 6 எல்லாம் 16 ஜிபி. பின்னணியில் டிஸ்கார்டு, கூகுள் குரோமில் 10 டேப் என்று திறந்து வைத்திருந்தால் 8 ஜிபி எந்த மூலைக்கு?

அதனால் 8 ஜிபியில் இருந்து 16-க்குப் போவதில் உண்மையிலேயே அர்த்தம் இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. ஒற்றை ரேமுக்குப் பதில் இரண்டு ரேம் இருந்தால் டூயல் சேனல் முறையில் வேலை செய்யும். ஒரு வழிச் சாலை இரு வழிச் சாலையாவது மாதிரி. சராசரி எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாவிட்டாலும், இடையிடையே வரும் வெட்டு குறையும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் சிபியு-வுக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் லேப்டாப்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் 16-லிருந்து 32? இப்போதைய விலையில், கேமுக்காக மட்டும் என்றால் வேண்டாம். வீடியோ எடிட்டிங் பிழைப்பாக இருந்தால் அது வேறு கணக்கு.

வாங்கும்போது டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று எது உங்களுடையது என்பதை உறுதி செய்யுங்க. மூன்றிலும் வெட்டு இருக்கும் இடமே வேறு வேறு, ஒன்றில் இன்னொன்று நுழையாது. மெலிசான சில மாடல்களில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், அங்கே பேச்சுக்கே இடமில்லை. பழைய டிடிஆர்4 ரேமை செகண்ட் ஹேண்டில் வாங்குவது இன்றைக்குத் தப்பே இல்லை. ரேமில் தேய்மானம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கடையிலேயே பொருத்தி, மெமரி டெஸ்ட் ஓட்டிப் பார்த்து, ஒரு மாத வாரன்ட்டியாவது எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

எஸ்எஸ்டி விஷயம் சுருக்கமாக. இன்னமும் ஹார்ட் டிஸ்க்கில் கேம் இன்ஸ்டால் செய்து ஓட்டிக்கொண்டிருந்தால் மாற்றுங்க. ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி சுமாருக்குப் படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500 எம்பியைத் தாண்டும். சைபர்பங்க் மாதிரி கேம்கள் எஸ்எஸ்டி கட்டாயம் என்றே சொல்லிவிட்டன. ஆனால் எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. லோடிங் நேரம் குறையும், அவ்வளவுதான்.

மாற்றவே முடியாத பார்ட்

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிப் புதுசு மாட்டிவிடுவார்கள். லேப்டாப்பில் அது நடக்காது. கிராபிக்ஸ் சிப், சிபியு இரண்டுமே மதர்போர்டில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டவை. அமெரிக்காவின் ஃபிரேம்வொர்க் கம்பெனி மாதிரி கிராபிக்ஸை மாற்றும்படி லேப்டாப் செய்பவர்கள் விதிவிலக்கு. வெளியே ஒரு பெட்டியில் கிராபிக்ஸ் கார்டை வைத்து தண்டர்போல்ட் வழியாக இணைக்கலாம்தான். அந்தப் பெட்டி, உள்ளே போடும் கார்டு, இரண்டின் விலையையும் கூட்டிப் பார்த்தால் புது லேப்டாப்பே வாங்கிவிடலாம் போலிருக்கும். இந்த மாடல்கள் பலவற்றில் தண்டர்போல்ட் போர்ட்டும் கிடையாது.

ஆக, முழு முடிவும் இந்த ஒரு சிப்பில்தான் தொங்குகிறது. நீங்க விளையாட விரும்பும் கேமை உங்க கிராபிக்ஸ் சிப் தாங்குமா?

வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5 என்று ஓட்டுபவர் என்றால் ஜிடிஎக்ஸ் 1650 இன்னும் சமாளிக்கும். சூட்டைச் சரிசெய்து, 16 ஜிபி ஆக்கினால் இன்னும் ஓரிரு வருஷம் தைரியமாக ஓட்டலாம். எஃப்எஸ்ஆர் என்ற வசதி இருக்கும் கேம்களில் அதை ஆன் செய்தால் இன்னும் கொஞ்சம் உயிர் நீளும். இது ஏஎம்டி உருவாக்கியது என்றாலும் இதன் 2-ம், 3-ம் பதிப்புகள் பழைய என்விடியா சிப்பிலும் வேலை செய்யும். என்விடியாவின் சொந்த டிஎல்எஸ்எஸ் வசதிக்கு ஆர்டிஎக்ஸ் சிப் கட்டாயம்.

ஆனால் இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்க. இவற்றுக்கு ரே டிரேசிங் செய்யும் வன்பொருள் கட்டாயம். குறைந்தபட்சமே ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரி. செட்டிங்கை எவ்வளவு இறக்கினாலும் 1650-க்கு இங்கே வேலை இல்லை. பேட்டில்ஃபீல்டு 6 குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 கேட்கிறது. இப்படிப்பட்ட கேம்கள்தான் உங்க ஆசை என்றால், பழைய லேப்டாப்பில் போடும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

‘ஜிடிஏ 6 வருதே, அதுக்காக இப்பவே புதுசு வாங்கிடலாமா?’ வேண்டாம். அந்த கேமுக்கு 2026 நவம்பர் 19 என்று ராக்ஸ்டார் சொன்ன தேதி பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு மட்டும்தான். பிசிக்குத் தேதி சொல்லாத ஒரு கேமுக்காக இன்றைக்கு இஎம்ஐ கட்டத் தொடங்குவதில் அர்த்தமில்லை.

ஜிடிஎக்ஸ் 1050, 1050 டிஐ, 1060 வைத்திருப்பவர்களுக்கு: உங்க தலைமுறை சிப்களுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் வெளியீட்டை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்துவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். பழைய கேம்கள் வழக்கம்போல ஓடும். புது கேம் வந்து முதல் நாளே கோளாறு என்றால் கேட்க ஆள் இல்லை. 1650, 1660 வகைகள் இந்தப் பட்டியலில் இல்லை என்பது ஆறுதல்.

விண்டோஸ் 10: கடிகாரம் ஓடுகிறது

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு மட்டும் ஒரு வருஷ நீட்டிப்பு உண்டு. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்து, செட்டிங்ஸை கிளவுடில் பேக்கப் செய்ய சம்மதித்தால் கட்டணம் கூட இல்லை. அப்டேட் பக்கத்திலேயே அதற்கான லிங்க் இருக்கும். அதற்குப் பிறகு?

விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும். அதற்கு இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தையது, கூடவே டிபிஎம் 2.0, செக்யூர் பூட் வேண்டும். நம்ம உதாரண லேப்டாப் இதில் பாஸ். 7-ம் தலைமுறை ஐ5, ஐ7 வைத்திருப்பவர்கள் அநேகமாக ஃபெயில்.

இதில் ஒரு குழப்பம். சிப் புதுசாக இருந்தும் ‘இந்த பிசி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை’ என்று வந்தால் பயந்து புதுசு வாங்கக் கிளம்பிடாதீங்க. பல லேப்டாப்களில் டிபிஎம் இருக்கும், ஆனால் பயாஸில் ஆஃப் செய்யப்பட்டிருக்கும். இன்டெலில் அதற்குப் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். போய் ஆன் செய்தால் வேலை முடிந்தது. ஆனால் அதைத் தொடுவதற்கு முன், டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் ரெக்கவரி கீயை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்க. கீ இல்லாமல் மாட்டிக்கொண்டால், பைனல் இயர் ப்ராஜெக்ட் முதல் குடும்பப் போட்டோ வரை எல்லாம் உள்ளேயே போய்விடும்.

‘யூடியூப்ல செக்கை பைபாஸ் பண்ணி விண்டோஸ் 11 போடுறாங்களே?’ போடலாம், போடுகிறார்கள். ஆனால் கேமர்களுக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 11-ல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 7-ம் இரண்டையும் கேட்கிறது. பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் கேட்கிறது. பின்வாசல் வழியாக விண்டோஸுக்குள் நுழைந்துவிடலாம், கேம் வாசலில் செக்யூரிட்டி நிற்பார். லினக்ஸ் போட்டு ஸ்டீமின் ப்ரோட்டான் மூலம் விளையாடும் வழியும் இருக்கிறது. தனியாக விளையாடும் கேம்கள் பல நன்றாகவே ஓடும். வேலரண்ட் ஓடாது.

சரி, காசுக் கணக்கு?

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று. நீங்க வாங்க நினைக்கும் புது லேப்டாப் விலையில் கால் பங்குக்கு மேல் பழசில் போடக் கூடாது. 80,000 ரூபாய் லேப்டாப் மனதில் இருக்கிறது என்றால் பழசுக்கு உச்சவரம்பு 20,000. சர்வீஸ், பேட்டரி, ஒரு 8 ஜிபி ரேம் என்று கூட்டிப் பார்த்து அதற்குள் வந்தால், மேலும் கேமும் சிப்பும் ஒத்துப்போனால், ரிப்பேர் பக்கம் போங்க. மதர்போர்டு போய்விட்டது, டிஸ்ப்ளேவும் போய்விட்டது என்றால் இந்த வரம்பு ஒரே நாளில் உடைந்துவிடும். அப்போது யோசிக்கவே வேண்டாம்.

புதுசு என்று முடிவாகிவிட்டால், இந்த முறை மட்டும் ‘அடுத்த சேலுக்கு வெயிட் பண்ணலாம்’ என்று தள்ளிப் போடுவதில் ரிஸ்க் இருக்கிறது. மெமரி விலை ஏறினால் அடுத்து வரும் ஸ்டாக்கில் கம்பெனிகள் இரண்டில் ஒன்று செய்வார்கள். விலையை ஏற்றுவார்கள், இல்லை அதே விலைக்கு ரேமைக் குறைப்பார்கள். இரண்டாவது ஆபத்தானது, ஏனென்றால் போஸ்டரில் விலை மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். 16 ஜிபி இருக்கும் மாடலையே எடுங்க. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று 8 ஜிபி மாடலை எடுக்கும் பழைய டெக்னிக் இன்றைக்குக் கையைக் கடிக்கும்.

ஜிஎஸ்டியும் உதவவில்லை. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாற்றம் வந்தபோது பெரிய டிவி, ஏசி எல்லாம் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கின. லேப்டாப் ஏற்கெனவே 18-ல் இருந்தது, அங்கேயே இருக்கிறது. 80,000 ரூபாய் லேப்டாப்பில் சுமார் 12,200 ரூபாய் வரி.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். அந்த வட்டி மீது 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசஸிங் கட்டணமும் கார்டு பில்லில் தனியாக வந்து நிற்கும். அப்பா கார்டில் போடுபவர்கள் இதை முன்பே சொல்லிவிடுவது வீட்டு அமைதிக்கு நல்லது.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி: ‘எத்தனை வாட்?’

புது லேப்டாப் வாங்கப் போகும் பத்தில் எட்டுப் பேராவது இதைக் கேட்பதில்லை என்பது என் யூகம். விற்பவர்களும் சொல்வதில்லை.

ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் இரண்டு லேப்டாப்கள் ஒரே வேகத்தில் ஓடும் என்று நினைக்காதீங்க. அந்தச் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ள என்விடியா கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. மெலிசாக, அழகாக இருக்கும் மாடலில் குறைந்த வாட். தடியாக, சத்தம் போடும் மாடலில் அதிக வாட். பெயர் ஒன்றுதான், இன்ஜின் திறன் வேறு. கம்பெனி இணையதளத்தில் மாடல் விவரத்தில் டிஜிபி என்ற பெயரில் இந்த எண் இருக்கும். தேடிப் பார்த்துவிட்டுத்தான் கார்டை நீட்ட வேண்டும். 4060 அதிக வாட்டில் ஓடும் மாடல், குறைந்த வாட்டில் திணறும் அதைவிட விலை கூடிய மாடலைத் தாண்டிப் போகும் கூத்தும் நடக்கும்.

கிராபிக்ஸ் மெமரியையும் பாருங்க. என்விடியாவின் புது வரிசையில் ஆர்டிஎக்ஸ் 5050, 5060, 5070 மூன்றும் லேப்டாப்பில் அறிமுகமானபோது எல்லாவற்றுக்கும் 8 ஜிபிதான். 5070-க்கு ஏறிப் போவதால் வேகம் கூடும், மெமரி கூடாது. 12 ஜிபி வேண்டுமென்றால் 5070 டிஐ-க்குப் போக வேண்டும், அதன் விலை நம்ம ஏரியா கிடையாது. நடுத்தர பட்ஜெட்டுக்கு 5060 அல்லது ஸ்டாக் மீதமிருக்கும் 4060, அதுவும் நல்ல வாட் மாடல், இப்போதைக்குப் போதும். 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3050 மாடல்கள் ஆஃபரில் கண்ணைப் பறிக்கும். பழைய 1650-லிருந்து அதற்கு மாறுவது, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி அடுத்த டவுன் பஸ்ஸில் ஏறுவது மாதிரி.

படிப்பு, ஆபீஸ் வேலைக்குப் பழைய லேப்டாப் போதும், கேமுக்கு மட்டும்தான் பிரச்சனை என்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தது. கேம் அவர்களுடைய சர்வரில் ஓடும், உங்க லேப்டாப் வெறும் டிவி மாதிரி படத்தைக் காட்டும். நல்ல ஃபைபர் இணைப்பு இருந்தால் கதை சொல்லும் கேம்களுக்கு ஓகே. நொடிக்குள் சுட வேண்டிய போட்டி கேம்களுக்கு அந்தத் தாமதம் உதவாது.

பழசை என்ன செய்வது?

எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுப்பதற்கு முன் டேட்டாவை அழியுங்க. வெறும் டெலீட் போதாது. செட்டிங்ஸில் ‘ரீசெட் திஸ் பிசி’ போய், எல்லாவற்றையும் நீக்கி டிரைவைச் சுத்தம் செய்யும் விருப்பத்தைத் தேர்வு செய்ய வேண்டும். உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலோ பழைய இரும்புக்காரரிடமோ போடாதீங்க. 2022-ம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கேளுங்க.

கடைசியா ஒண்ணு. சர்வீஸ் கடையில் 8 ஜிபியைக் கழற்றி 16 ஜிபி போட்டால், கழற்றிய ரேம் உங்களுடையது. முன்பெல்லாம் யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை, கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இப்போது அதற்கு நல்ல விலை இருக்கிறது. பில்லோடு சேர்த்து அதையும் கேட்டு வாங்கிக்கோங்க.